மாக்பெத்தின் குற்றத்துக்குப் பேராசை என்று பெயரிடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இலக்கிய இணைப்பில், மேலைச் செவ்வியல் இலக்கியங்களில் நன்மை, தீமை பற்றிய கட்டுரை ஒன்று வெளியாகியிருந்தது. மார்லோவின் நாடக நாயகன் ஃபாஸ்டஸ், ஷேக்ஸ்பியரின் மாக்பெத், மில்டனின் 'இழந்த சொர்க்கம்' காவியத்தில் வரும் சாத்தான் ஆகிய மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, 'பேராசை பெருநஷ்டம்' என்ற பழமொழியை மூவருக்கும் பொதுவான தீர்ப்பாக வழங்கி அக்கட்டுரை முடிந்திருந்தது. இத்தகைய நூல்களைப் பற்றித் தமிழில் முழுப் பக்கம் எழுத முன்வருவோர் குறைந்துவரும் நாளில் கட்டுரையாளரின் உழைப்பைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் மாக்பெத்தைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பு பொருந்தாது என்று சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். அரசனாவாய் என்று சூனியக்காரிகள் சொன்னதைக் கேட்ட ஸ்காட்லாந்துத் தளபதி மாக்பெத், மனைவியின் தூண்டுதலால், தன் வீட்டில் விருந்தாளியாகத் தங்கிய டங்கன் மன்னரைக் கொன்று முடிசூடி, பின் அழிவதே நாடகத்தின் கதை. 31 ஆண்டுகள் கல்லூரியில் இந்நாடகத்தை நடத்தியவன் நான். அத்தனை ஆண்டுகளும் விடைத்தாள்களில் இதே பழமொழியைக் கண்டு, மறுப்பேதும் எழுதாமல் மதிப்பெண் போட்டவனும் நானே. ஆகவே கட்டுரையாளரைக் குறை கூறும்போது என் பங்கையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'அம்பிஷன்' என்ற ஆங்கிலச் சொல் நம் வீடுகளில் பாராட்டாகத்தான் புழங்குகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் "உன் அம்பிஷன் என்ன?" என்று கேட்கும் உறவினர், "உன் பேராசை என்ன?" என்று கேட்பதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அதே சொல் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வந்துவிட்டால் மட்டும், துணைநூல் எழுதுவோர் அதைத் தயங்காமல் பேராசை என்று பெயர்த்துவிடுகிறார்கள். சொல்லின் மூலமான இலத்தீன் சொல்லுக்குச் சுற்றிவருதல் என்பது பொருள். ரோமாபுரியில் பதவிக்குப் போட்டியிடுவோர் வாக்குக் கேட்டுத் தெருத்தெருவாகச் சுற்றியதைக் குறித்த சொல் அது. அதன் உறவுச் சொல் ஒன்று, காலப்போக்கில், தேர்தலில் கையூட்டுக் கொடுக்கும் குற்றத்துக்கே சட்டப் பெயராயிற்று. பதவி நாடுவதும் அதற்காகத் தவறான வழியில் செல்வதும் அடுத்தடுத்த வீடுகள் என்பதை ரோமானியர் அறிந்திருந்தனர். இரண்டும் ஒரே வீடு என்று அவர்கள் சொல்லவில்லை.

நம்மிடமும் இந்த வேறுபாட்டுக்குப் பஞ்சமில்லை. பிறர் பொருளைக் கவர விரும்புவதைக் கண்டிக்க வள்ளுவர் 'வெஃகாமை' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். ஆசையை வேரோடு அறுப்பதற்கு 'அவாவறுத்தல்' என்று துறவறவியலில் வேறோர் அதிகாரம் வைத்தார். அதே வள்ளுவர் 'ஊக்கமுடைமை'யில், "உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்" என்று, எண்ணுவதை எல்லாம் உயர்வாகவே எண்ணச் சொல்கிறார். அந்த உயர்வு கைகூடாமல் போனாலும் எண்ணியதே பெருமை என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஷேக்ஸ்பியர் பயன்படுத்தும் அந்த ஒரு சொல்லுக்குள் இந்த உயர்வுள்ளலும் இருக்கிறது, வெஃகுதலும் இருக்கிறது. நாடகத்தின் உயிர் இரண்டுக்கும் இடையிலுள்ள அந்தத் தடுமாற்றத்தில்தான் துடிக்கிறது. பேராசை என்று பெயர்த்த உடனே தடுமாற்றம் நின்றுவிடுகிறது. முதல் காட்சியிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

கட்டுரையாளர் மாக்பெத்தை 'வரலாறு கண்ட கொடுங்கோலன்' என்று குறிப்பிட்டிருப்பதையும் இங்கே திருத்த வேண்டியிருக்கிறது. வரலாற்று மாக்பெத் 1040 முதல் 1057 வரை, 17 ஆண்டுகள் ஸ்காட்லாந்தை ஆண்டவர். டங்கன் மன்னர் போர்க்களத்தில்தான் வீழ்ந்தார், உறங்கும்போது குத்தப்படவில்லை. 1050-இல் ரோமாபுரிக்குப் புனிதப் பயணம் சென்ற மாக்பெத், அங்கே ஏழைகளுக்குப் பணத்தை விதைபோல் இறைத்ததாக அக்காலத்துத் துறவி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். நாட்டை விட்டு அவ்வளவு தொலைவு போய்த் திரும்பும் அளவுக்கு அரியணை உறுதியாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஷேக்ஸ்பியர் கையாண்ட மூலநூலான ஹாலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்பில்கூட டங்கன் மென்மை மிகுந்து ஆட்சியில் தளர்ந்தவராகவும், மாக்பெத் பத்தாண்டுகள் நல்ல சட்டங்கள் இயற்றி ஆண்டவராகவுமே வருகிறார்கள். இளவரசர் வயதுக்கு வராதவராக இருந்தால் நெருங்கிய உறவினர் முடிசூடலாம் என்ற பழைய வழக்கம் இருந்ததால், மாக்பெத்துக்கு ஒரு நியாயமான மனக்குறையும் அந்நூலில் உண்டு. உறங்கும் அரசரை விருந்தளித்த வீட்டிலேயே கொல்லும் கதை அதே தொகுப்பில் வேறோர் அரசருடையது. டஃப் என்ற மன்னரை டான்வால்ட் என்பவர் மனைவியின் தூண்டுதலால் கொன்ற செய்தி அது. ஷேக்ஸ்பியர் அதை எடுத்து மாக்பெத்தின் தலையில் ஏற்றினார்.

அவர் செய்த இந்த மாற்றங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு நோக்கம் தெரிகிறது. டங்கனை அவர் நல்லவராக்கினார். மாக்பெத்தின் மனக்குறையைப் பறித்தார். நல்லாட்சி நடந்த பத்தாண்டுகளையும் பறித்தார். அதாவது, கொலைக்குக் காரணமாகச் சொல்லக்கூடிய ஒவ்வொன்றையும் நாடகாசிரியரே அகற்றிவிட்டார். காரணம் எதுவுமே இல்லாமல், தான் செய்யப்போவது தீமை என்பதையும் ஐயமின்றி அறிந்த ஒருவன் அதை ஏன் செய்கிறான் என்பதே 1606 வாக்கில் அவர் எழுப்பிய கேள்வி. அவருடைய துன்பியல் நாடகங்களுள் மிகக் குறுகியது இது. ஆனால் இந்தக் கேள்விக்கு அதில் ஒதுக்கப்பட்ட இடம் சிறியதன்று.

முதல் அங்கத்தின் ஏழாம் காட்சியைக் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துவிட்டார். என் எண்ணத்தில் நாடகமே அங்குதான் இருக்கிறது. உள்ளே அரசருக்கு விருந்து நடக்கிறது. விருந்தளிப்பவன் பந்தியை விட்டு வெளியே வந்து தனியே நிற்கிறான். தான் அவருடைய உறவினன், அவருடைய குடி, இன்றிரவு அவருக்கு விருந்தளிப்பவன் என்று விரல்விட்டு எண்ணுகிறான். விருந்தளிப்பவன் என்ற முறையில், கொலைகாரன் வந்தால் கதவைச் சாத்த வேண்டியவனே தான். தானே கத்தியைத் தூக்குவதா என்று கேட்டுக்கொள்கிறான். டங்கன் எவ்வளவு பணிவாக ஆண்டவர் என்பதையும் நினைக்கிறான். தன்னிடம் எஞ்சியிருப்பது தாவிக் குதிக்கத் துடிக்கும் அந்த வேட்கை ஒன்றே என்றும், சேணத்தில் ஏறத் தாவியவன் தாவிய வேகத்தில் மறுபுறம் போய் விழுவதுபோல அது தன்னைக் கவிழ்க்கும் என்றும் அவனே சொல்கிறான். பழமொழி சொல்லவேண்டிய பாடத்தை அவன் கொலைக்கு முன்பே தனக்குத் தானே படித்து முடித்துவிட்டான். மனைவி வந்ததும், இந்தக் காரியத்தில் இனி மேலே போக வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியும் விடுகிறான்.

அதன்பின் அவனை மாற்றுவது எது? இங்கேதான் வாசகர்கள் நின்று படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். லேடி மாக்பெத் அந்தக் காட்சியில் அரண்மனையின் சுகத்தைப் பற்றிப் பேசவில்லை. பொன்னைப் பற்றி, நிலத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நீ ஆண்மகனா என்று கேட்கிறாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவன் என்கிறாள். மீனுக்கு ஆசைப்பட்டுக் காலை நனைக்க அஞ்சும் பூனையின் கதையைச் சொல்லிக் காட்டுகிறாள். மனிதனுக்குத் தகுவது எதுவோ அதை எல்லாம் செய்யத் துணிந்தவன் நான், அதற்கு மேல் துணிபவன் மனிதனே அல்லன் என்று அவன் விடை சொல்கிறான். இந்த நாடகத்தில் நன்மையின் தரப்பில் பேசப்பட்ட மிக உறுதியான சொல் அதுதான், அதைச் சொன்னவன் கொலைகாரன். அடுத்த சில வரிகளிலேயே, ஒருவேளை தோற்றுப்போனால் என்று கேட்கிறான். செய்யலாமா என்ற கேள்வி, முடியுமா என்ற கேள்வியாக மாறிவிட்டது. போர்க்களத்தில் எதிரியை வயிறு முதல் வாய்வரை கிழித்தவன், கோழை என்று மனைவி சொன்ன சொல்லைத் தாங்கமாட்டாமல் அறத்தைக் கைவிட்டான். இதற்கு மண்ணாசை, பொன்னாசை என்ற நம் வழக்கமான பெயர்களில் எது பொருந்தும்?

பல ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, பேராசைக்காரன் என்றால் ஆசைப்பட்டது கிடைத்த பிறகு ஒரு நாளாவது மகிழ்ந்திருக்க வேண்டுமே, இவன் மகிழ்ந்த காட்சி எங்கே ஐயா இருக்கிறது என்று கேட்டார். அன்று நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து நூலைப் புரட்டியபோது அப்படி ஒரு காட்சி உண்மையிலேயே இல்லை. முடிசூட்டு விழா மேடைக்கு வெளியே, ஸ்கோன் நகரில் நடந்து முடிகிறது. நாம் அதைப் பார்ப்பதே இல்லை. அரசனாக அவன் தனித்துப் பேசும் முதல் பேச்சு, இப்படி இருப்பது ஒன்றுமில்லை, அச்சமின்றி இருந்தால்தான் உண்டு என்பதாக அமைகிறது. அரசனாக அவன் அளிக்கும் ஒரே விருந்தில் அவனுடைய இருக்கையில், அவன் ஆளேவிக் கொன்ற தோழன் பாங்க்வோவின் ஆவி உட்கார்ந்துகொள்கிறது. கருமி பொன்னை எண்ணி மகிழ்வான். இவன் எண்ணுவதெல்லாம் இழந்ததைத்தான். கொலை செய்த அந்த இரவிலேயே, உறக்கம் கலைந்த இருவர் கடவுளை வேண்டியபோது 'ஆமென்' என்ற சொல் தன் தொண்டையில் சிக்கிக்கொண்டதே, அருள் மிகவும் தேவைப்பட்டவன் நான் அல்லவா என்று மனைவியிடம் புலம்புகிறான். அவளுக்கு அது விளங்கவில்லை. கொஞ்சம் தண்ணீர் இருந்தால் கை கழுவிக்கொள்ளலாம் என்கிறாள். பின்னாளில் தூக்கத்தில் நடந்து, கழுவக் கழுவப் போகாத கறையைத் தேய்ப்பவளும் அவள்தான். "தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்" என்ற குறள், விடைத்தாள்களில் வரும் பழமொழியைவிட இந்த இருவருக்கும் நெருக்கமானது. அக்குறள் இருப்பது வாய்மை அதிகாரத்தில் என்பதும் கவனிக்கத்தக்கது.

பேராசை என்ற சொல்லையே ஷேக்ஸ்பியர் இந்த நாடகத்தில் எடைபோட்டுப் பார்த்திருக்கிறார் என்பதுதான் என் வாதத்துக்கு வலுவான சான்று. நான்காம் அங்கத்தின் மூன்றாம் காட்சி அது. மேடையேற்றும்போது பெரும்பாலும் வெட்டிச் சுருக்கப்படுவது, வகுப்புகளிலும் அவசரமாகத் தாண்டப்படுவது. இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்திருக்கும் டங்கனின் மகன் மால்கம், தன்னைத் தேடிவந்த ஸ்காட்லாந்துப் பிரபு மக்டஃப் உண்மையானவரா என்று சோதிக்கத் தன்மீதே பழி சுமத்திக்கொள்கிறார். எனக்குப் பெண்ணாசை அளவில்லாதது என்கிறார். பல அரசர்களைக் கவிழ்த்த குற்றம்தான், ஆனாலும் மறைவாகத் தீர்த்துக்கொள்ளலாம் என்கிறார் மக்டஃப். அடுத்து, எனக்குப் பொருளாசை தீராதது. அரசனானால் பிரபுக்களின் நிலத்துக்காக அவர்களை அழிப்பேன், ஒருவருடைய நகையையும் மற்றொருவருடைய வீட்டையும் கவர்வேன் என்கிறார். இது இன்னும் ஆழமாக வேரோடும் தீமை என்று மக்டஃப் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டு, அதையும் பொறுத்துக்கொள்ளலாம், உங்கள் பசியைத் தீர்க்கும் வளம் ஸ்காட்லாந்தில் உண்டு என்று தேற்றுகிறார்! நீதி, வாய்மை, நடுநிலை, இரக்கம், பொறுமை போன்ற அரசர்க்குரிய நற்குணங்களில் ஒன்றுகூட எனக்குக் கிடையாது, முடிந்தால் உலக அமைதியையே குலைப்பேன் என்று மால்கம் சொன்ன பிறகே, ஐயோ ஸ்காட்லாந்தே என்று மக்டஃப் அலறுகிறார். பேராசை தாங்கக்கூடியது, அறத்தின் வேரே இல்லாமல் போவதுதான் தாங்க முடியாதது என்று நாடகத்தின் நல்ல மனிதரே சொல்லும் காட்சியை விட்டுவிட்டு, நாடகம் முழுதுக்கும் பேராசை என்று பெயரிடுவது எப்படிச் சரியாகும்?

இதற்கு எதிராக ஒன்றைச் சொல்லலாம். அதே காட்சியில் மால்கம், மாக்பெத்தைக் கொலைவெறியன், காமுகன், பொருளாசைக்காரன், பொய்யன் என்று அடுக்கித் திட்டுகிறார். திட்டுபவர் தந்தையைப் பறிகொடுத்தவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். காமுகன் என்பதற்கு நாடகத்தில் எவ்வளவு ஆதாரம் உண்டோ, பொருளாசைக்காரன் என்பதற்கும் அவ்வளவே.

அந்தக் காட்சி முடிவதற்குள் மாக்பெத்தின் ஆணையால் மக்டஃபின் மனைவி மக்கள் வெட்டுண்ட செய்தி வருகிறது. ஆண்மகனாக இதை எதிர்கொள் என்று மால்கம் சொல்ல, அப்படியே செய்வேன், ஆனால் ஆண்மகனாக இதை உணரவும் வேண்டுமல்லவா என்று மக்டஃப் கேட்கிறார். முதல் அங்கத்தில் லேடி மாக்பெத் எழுப்பிய கேள்விக்கு நாடகம் தரும் பதில் நான்காம் அங்கத்தில், இன்னொருவர் வாயிலிருந்து வருகிறது. ஆனால் இந்த நல்லவரும் குடும்பத்தைக் காவலின்றி விட்டுவந்தவர்தான். நமக்கு அன்பில்லாதவர் அவர் என்று அவருடைய மனைவி சாவதற்குச் சற்று முன் சொல்லும் சொல்லை யாரும் நேராக மறுப்பதில்லை.

பாங்க்வோவைக் கட்டுரை 'ஆசையற்ற நல்லவன்' என்று புகழ்கிறது. அவன் பரம்பரையில் வந்தவராகத் தம்மைக் கருதிய முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1603-இல் இங்கிலாந்தின் அரியணை ஏறியிருந்தார். மூலநூலில் கொலைக்கு உடந்தையாக இருக்கும் பாங்க்வோவை அப்படியே மேடையேற்றுவது எந்த நாடகக் குழுவுக்கும் அறிவுடைமை ஆகாது. (இத்தனைக்கும் அவன் 16-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஒருவரின் கற்பனையில் பிறந்தவன்.) ஆயினும் ஷேக்ஸ்பியர் அவனை முழுதாக வெள்ளையடிக்கவில்லை. தூக்கத்தில் புகும் தீய எண்ணங்களைத் தடுக்குமாறு அவன் வேண்டிக்கொள்கிறான். அப்படியானால் அந்த எண்ணங்கள் அவனுக்கும் வந்திருக்கின்றன. மாக்பெத் முடியைத் தவறான வழியில் பெற்றான் என்று அஞ்சும்போதே, சூனியக்காரிகளின் சொல் அவனுக்குப் பலித்ததுபோல், தன் வழித்தோன்றல்கள் அரசாள்வர் என்று அவர்கள் சொன்னது தனக்கும் பலிக்காதா என்று நம்பிக்கை கொள்கிறான். வாய் திறவாமல் இருந்துவிடுகிறான். இவனும் உயர்வை நினைத்தவன்தான். கத்தி எடுக்காதவன் என்பதே வேறுபாடு, அந்த வேறுபாடு மிகப் பெரியது.

ஃபாஸ்டஸைப் பற்றியும் சாத்தானைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லையில்லாத ஆற்றலைத் தேடி ஆன்மாவை விற்ற ஃபாஸ்டஸ், கிடைத்த 24 ஆண்டுகளில் போப்பாண்டவரின் உணவுத் தட்டைப் பிடுங்கி விளையாடுகிறான், கருவுற்ற சீமாட்டி ஒருவருக்காகக் குளிர்காலத்தில் திராட்சைப்பழம் வரவழைக்கிறான். அவனுடைய அவலம், கேட்டது பெரிதாகவும் செய்தது அற்பமாகவும் போனதில் இருக்கிறது. மில்டனின் சாத்தானோ நான்காம் காண்டத்தில் சூரியனைப் பார்த்துப் பேசும்போது, இறைவனுக்குச் செய்யவேண்டியிருந்த பணி கடினமானதே அல்ல என்றும், செருக்கும் அதனினும் கொடிய பதவி வேட்கையுமே தன்னை வீழ்த்தின என்றும் ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொண்ட கையோடு, தீமையே இனி நீயே என் நன்மை என்கிறான். மாக்பெத்தால் கடைசிவரை சொல்ல முடியாத சொல் அது. தீமையை நன்மை என்று அழைக்க அவனுக்கு நா எழவே இல்லை. இம்மூவரையும் ஒரே பழமொழியில் கட்டினால் மூவருமே கைநழுவிப் போய்விடுகிறார்கள்.

இறுதி அங்கத்தில், முதுமைக்குத் துணையாக வரவேண்டிய மதிப்பு, அன்பு, பணிவு, நண்பர் கூட்டம் இவற்றில் எதையும் நான் எதிர்பார்க்க முடியாது என்று மாக்பெத் சொல்கிறான். அந்தப் பட்டியலில் முடியும் இல்லை, செல்வமும் இல்லை. போர்க்களத்தில் மக்டஃப் எதிரே வந்து நிற்கும்போது, எல்லாரிலும் உன்னை ஒருவனைத்தான் நான் தவிர்த்து வந்தேன், விலகிப் போ, உன் குடும்பத்தின் குருதிச் சுமையே என் உயிருக்கு மிகுதி என்கிறான். பெண்ணிடம் பிறந்தவன் எவனும் தன்னைக் கொல்ல முடியாது என்ற முன்னறிவிப்பை அந்தக் கணம்வரை அவன் நம்பியிருந்தான். ஆகவே அச்சத்தால் சொன்ன சொல்லாக அதை ஒதுக்க வழியில்லை.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் இந்நாடகம் குறித்த மாதிரி வினாவிடை அடுத்த மாதம் வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் 'மாக்பெத்தின் பேராசையை விளக்குக' என்ற வழக்கமான வினாவுக்குப் பதிலாக, நான்காம் அங்கத்தில் மக்டஃப் எந்தக் குற்றத்தைப் பொறுக்கிறார், எந்தக் குற்றத்தைப் பொறுக்க மறுக்கிறார் என்று கேட்கலாம். சரியான தமிழ்ச் சொல் அமையும்வரை, வீட்டில் புழங்குவது போலவே அம்பிஷன் என்று தமிழ் எழுத்தில் அச்சிட்டாலும் எனக்கு மறுப்பில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.